பிஸ்டன் வாங்குவதற்கு முன்

அண்ணா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன்னோடு ரூமில் தங்கியிருப்பவர்களிடமும் வேண்டாம். படித்த வேகத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு "என்னம்மா நடக்குது அங்க" என்று கத்திவிடாதே. விடிவதற்குள் இந்தப் பக்கங்களை அம்மாவின் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அந்த நம்பருக்குப் பதில் போடாதே.

நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. வருகிற புதன்கிழமை பாண்டிச்சேரியில் ஆபரேஷன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சாமி விளக்குக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவன் கான்ட்ராக்டு முடியாம கெளம்பி வந்துட்டா வேல போயிடும். நல்லபடியா முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்கிறாள். ஆபரேஷனுக்குக் குறையும் பணத்துக்காக நம் பழைய காரை விற்கிறார்கள். கீரப்பாளையத்திலிருந்து மாமா வந்து தங்கியிருக்கிறார், அவர்தான் ஆள் பிடித்தார். நாளைக் காலையில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகப் போகிறார்.

போன வாரம் நீ அம்மாவின் போனில் எனக்கு மெசேஜ் போட்டாயே, "வண்டி அப்படியே இருக்கட்டும், நான் வந்து எஞ்சின் பண்றேன், எவ்ளோ ஆகும்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு" என்று, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மூன்று வருடத்தில் நீ அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. இன்று, அம்மாவும் மாமாவும் கூடத்தில் படுத்த பிறகு, "பாப்பா, பேப்பர் எடு, அண்ணனுக்கு எழுதணும்" என்றார். அவர் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் பரீட்சைக்குப் படிப்பதாக வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் என்றோ விற்பது என்றோ ஒரு வார்த்தை வரக் கூடாது என்று அப்பாவும் சொல்லிவிட்டார். இப்போது எப்படித் தொடங்குவது என்று சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். "இன்னா எழுதற?" என்றார். தேதி என்றேன். "இவ்ளோ பெரிய தேதியா?" என்றார்.

தான் பேசுவதை எல்லாம் ஆபீஸ் லெட்டர் மாதிரி நல்ல தமிழில் மாற்றி எழுதச் சொல்கிறார். இனிமேல் நான் என்று வந்தால் அது அப்பா. அடைப்புக்குறிக்குள் வந்தால் அது நான்.

அன்புள்ள மகனுக்கு,

எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். மூன்று வருடத்துக்கு முன்னால் கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் நீ என்னிடம் ஒரு கணக்கு கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கணக்கைச் சொல்வது எனக்குச் சுலபம் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிட மாட்டேன். தொகை தெரியாது என்பதுதான் என் முதல் பதில். பிரிக்காத எஞ்சினுக்கு இவ்வளவுதான் ஆகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அவன் பொய் சொல்கிறான், அல்லது என்னைப் போன்றவன். அவன் எழுபதாயிரம் என்றால் நீ லட்சம் என்று எழுதிக்கொள். லட்சம் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

நீ ஒன்பதாவது படிக்கும்போது வந்த வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் நம் தெருவில் பானெட் மட்டம் வரை நின்றது. நீ மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, முக்கால்வாசி முங்கியிருந்த வண்டியைப் பார்த்து அழுதாய். பாப்பாவுக்கு அப்போது விவரம் தெரியாது, கப்பல் கப்பல் என்று கைதட்டினாள். தண்ணீர் வடிந்ததும் உடனே எஞ்சினை இறக்கிப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு ஆகியிருக்கும் செலவு கொஞ்சம்தான். நான் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, முழு வேலைக்கும் பணம் சேரட்டும், ஒரே தடவையாகச் செய்துவிடலாம் என்று இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். துரு காத்திருக்கவில்லை. ஆகையால் முதல் விஷயம் இது. முழுப் பணமும் சேரும் வரை காத்திருப்பது சிக்கனம் அல்ல. கெட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துவதற்கு மட்டும் ஒரு சின்னத் தொகையை முதலில் ஒதுக்கு. மீதியை நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

(இந்த இடத்தில் நான் பேனாவை நிறுத்தி, "நெஞ்சு வலின்னு ஆடி மாசமே சொன்னீங்க, அப்பவும் இப்படித்தானே காத்திருந்தீங்க" என்றேன். "எஞ்சினையும் ஒடம்பையும் ஒண்ணா பேசாத பாப்பா, எஞ்சின் தேஞ்சா ஓவர்சைஸ் பிஸ்டன் கெடைக்கும்" என்றார். பிறகு "எழுது" என்றார்.)

காத்திருந்த அந்த வருடத்தில் நான் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இரண்டாவது தவறு. உனக்குத் தெரியும், இருபத்தாறு வருடம் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு ஸ்டோர் கீப்பருக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, மெஷின் நிற்கும்போது வந்து கேட்கிறவனிடம் சாமான் இல்லை என்று சொல்ல நேர்வது. இன்னொன்று, ஆடிட்டில் தேவைக்கு மேல் சாமான் கிடப்பது. கம்பெனியில் எனக்கு இரண்டு பயமும் இருந்தது. வீட்டுக்கு வரும்போது முதல் பயத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன். கையில் காசு வந்தபோதெல்லாம் எஞ்சினுக்கு ஏதாவது வாங்கிப் போட்டேன். கேஸ்கட் செட், பேரிங், புது கார்புரேட்டர். எஞ்சின் ஓடாத வண்டிக்கு சீட் கவர்கூடத் தைத்துவிட்டேன், உன் அம்மா அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறாள். ஒரு நாள் கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போனபோது புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரன் பிஸ்டன் செட் காட்டினான். நான்கு பிஸ்டன், பழைய ஸ்டாக், அட்டைப் பெட்டி பிரிக்காதது, இருபது ஓவர்சைஸ். உனக்குத் தெரியும், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்போது, எந்த அளவுக்குக் கடைகிறோமோ அந்த அளவு பெரிய பிஸ்டன் போட வேண்டும். எந்த அளவுக்குக் கடைய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாதி விலை, இன்று விட்டால் கிடைக்காது என்றான். வாங்கிவிட்டேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உன்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது நீ ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாய்.

(அந்தப் பெட்டி அலமாரிக்கு மேல் இருப்பதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே இல்லை, அண்ணா. வாங்க வரும் ஆளிடம் ஸ்பேர் எல்லாம் சேர்த்துத் தருவதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் முழுக்க அப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியைத் தேடினார். அது என் ஸ்கூல் பையில், கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குக் கீழே இருக்கிறது. நான்தான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

எஞ்சினைச் சிதம்பரத்தில் சபாபதி பட்டறையில் இறக்கினோம். மார்கழியில் கொடுத்தது என் மூன்றாவது தவறு. திருவாதிரை வரும், பட்டறைப் பையன்கள் தேர் பார்க்கப் போவார்கள், அதன் பிறகு பொங்கல் வரும். சபாபதி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் சொல்லும் ஒரு வாரத்துக்குள் அமாவாசையும் வரும், பௌர்ணமியும் வரும். ஆயுதபூஜைக்கு முன்னாலும் கொடுக்காதே, எல்லா லாரிக்காரனும் அப்போதுதான் வருவான். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் எந்த வேலையையும் தொடங்காதே. தை பிறந்து காணும் பொங்கல் கழிந்த பிறகு கொடு. எஞ்சினை மட்டும் அனுப்பு, வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள். பட்டறை வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து ஒவ்வொரு சாமானாக இன்னொரு வண்டிக்கு நடந்து போய்விடும். கழற்றிய பழைய சாமானை ஒரு சாக்கில் கட்டித் திருப்பி வாங்கு. மாற்றினார்களா, மாற்றியதாகச் சொன்னார்களா என்பது அந்தச் சாக்கைப் பார்த்தால் தெரியும்.

அன்று நீயும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாய். காலையில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம், நீ கொத்சுவை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினாய். பட்டறையில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து சபாபதியோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். எஞ்சினின் மேல் மூடியை, ஹெட்டை, கழற்றி வைத்திருந்தார்கள். நீ சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றித் தடவினாய். மூன்றாவதில் நின்றாய். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினாய். "அப்பா, இதுல பள்ளம் மாதிரி கெடக்குதுப்பா, இருபதுல போகாது" என்றாய். "கைய எடுடா, கிரீஸு" என்றேன் நான். சபாபதி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பார்த்தான். டயல் வைத்து அளந்தான். "தம்பி சொல்றது சரிதான் சார். தண்ணி நின்ன எடம் அரிச்சிருக்குது. நாப்பது போவணும்."

"நான் இருபது வாங்கிட்டனே."

"வாங்குறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்? பொண்ணப் பாக்காம தாலி செஞ்சது மாதிரி இல்ல இருக்குது."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது சிலிண்டரில் உன் விரல் கண்டுபிடித்ததை நான் பார்க்கவில்லை, நீ சிரித்ததைத்தான் பார்த்தேன். சபாபதி ஒரு வழி சொன்னான். நாற்பது வரை போக வேண்டாம், நான்கு சிலிண்டருக்குள்ளும் ஸ்லீவ் இறக்கலாம், அதாவது உள்ளே புதிதாக ஒரு குழாய் மாதிரி பொருத்தி, நான் வாங்கி வைத்திருந்த பிஸ்டன் அளவுக்கே கடைந்துகொள்ளலாம். "செலவு ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி. ஆனா வாங்குனது வீணாவாது சார்" என்றான். என்னிடம் பணம் இல்லை. இருந்ததெல்லாம் கார்புரேட்டராகவும் சீட் கவராகவும் இருந்தது. இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "பழைய பிஸ்டனுக்கே ரிங் மட்டும் மாத்தி மூடு" என்றேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று நீ திரும்பும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தாய். பாதி வழியில் ஆலப்பாக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாய்.

ஆகையால் எழுதிக்கொள். எஞ்சினை இறக்கிப் பிரித்து, கழுவி, சிலிண்டரையும் கிராங்க்கையும் அளப்பதற்கு மட்டும் முதலில் பணம் ஒதுக்கு. அந்த அளவுகள் கைக்கு வரும் வரை ஒரு போல்ட்கூட வாங்காதே, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதே. அளந்த பிறகு சாமானுக்கு ஒரு பங்கு, லேத்துக்கும் கூலிக்கும் ஒரு பங்கு. அதே அளவு மூன்றாவது பங்கு ஒன்றைத் தனியாக எடுத்து, யாரும் தொடாத இடத்தில் வை. அது எதற்கு என்று இப்போது தெரியாது. பிரித்தால்தான் தெரியும். என்னிடம் அந்த மூன்றாவது பங்கு இருந்திருந்தால் அன்று சபாபதி முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவது பங்கு இல்லாதவன் கடைசியில் எல்லா இடத்திலும் மூடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்ததைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதுவதற்கு முன்பே நான் காலேஜில் அட்வான்ஸ் கட்டினேன். ரிசல்ட்டுக்கு முன்னால் கட்டினால் சலுகை என்றார்கள். கம்ப்யூட்டர் படிப்பு, நல்ல சீட், இன்று விட்டால் கிடைக்காது என்றார்கள். அதே வார்த்தைகள். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிஸ்டன் பெட்டியோடு வந்த அதே சந்தோஷத்தோடு பஸ்ஸில் வந்தேன். நீ ஆட்டோமொபைல் டிப்ளமோ என்று சொன்னாய். இரண்டு தடவை சொன்னாய். "கிரீஸு வேலைக்கு எதுக்குடா படிப்பு?" என்றேன். உன்னை நான் அளக்கவே இல்லை, தம்பி. சிதம்பரத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு சிலிண்டரைத் தடவியபோது நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், இந்தக் கை எதற்கு என்று.

மூன்றாவது வருடத்தில் நீ அந்தப் படிப்பை விட்டுவிட்டு மஸ்கட்டில் கராஜ் வேலை என்று விசாவோடு வந்து நின்றாய். நான்தான் உன்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரிங் மட்டும் மாற்றி மூடிய எஞ்சின், பின்னால் வந்தவனுக்குச் சாலை தெரியாத அளவுக்குப் புகை. ஒரு ஸ்கூட்டர்காரன் பக்கத்தில் வந்து, "இன்னா சார், கொசு மருந்து அடிக்கறீங்களா?" என்று கேட்டான். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் சிரித்திருப்போம். இறங்கும்போது என் வாயிலிருந்து வந்தது இது: "உனக்கு நான் எவ்ளோ செலவு பண்ணேன்னு கணக்கு போட்டுப் பாத்தியாடா?" நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "போட்டு அனுப்புங்கப்பா. கட்டிடறேன்" என்றாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

அந்தக் கணக்கை நான் போட்டேனா என்று கேட்டால், போட்டேன். ஒரு ஸ்டோர் கீப்பர் போடாமல் இருப்பானா? ஆனால் வரவுப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். கப்பல் கப்பல் என்று கத்தியவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது நீ. எனக்கு டைபாய்டு வந்தபோது கம்பெனிக்குப் போய் ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தது நீ. இதற்கெல்லாம் எந்த விலை போடுவது? அன்றிலிருந்து வண்டியை நான் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்ததுதான் அதன் கடைசி ஓட்டம்.

(அப்பா எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். கூடத்தில் மாமா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது, லைட்டைத் துணி போட்டு மறைத்தேன். மாமாவைப் பற்றித் தப்பாக நினைக்காதே, அண்ணா. அவர் தன் மாட்டை விற்றுக் கொண்டுவந்த பணமும் ஆபரேஷனுக்கு இருக்கிறது. சாயங்காலம் அப்பாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "இந்த வண்டி குடிச்ச பெட்ரோல ஊத்தியிருந்தா கெடிலம் ஆத்துல கோடையிலகூட தண்ணி ஓடும் மாமா" என்றார். அப்பா, "ஓடும் மச்சான், ஆனா எவனும் பக்கத்துல பீடி பத்த வெக்க முடியாது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மாமா வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.)

இன்னொரு செலவு இருக்கிறது, அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எஞ்சினைக் கட்டி ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். புதிதாகக் கடைந்த எஞ்சின் புது மருமகள் மாதிரி, வந்த அன்றே விரட்டக் கூடாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். வேகம் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது, நடுவில் ஆயில் மாற்ற வேண்டும், ஹெட் போல்ட்டைத் திரும்ப முறுக்க வேண்டும். இதற்குப் பெட்ரோலும் ஆயிலும் வேண்டும், அதைவிட நாள் வேண்டும். பணத்தைக் கணக்குப் போடுகிறவன் இந்த நாள்களைப் போடுவதில்லை. நீ லீவுக்கு வரும்போது பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதே. வேலைக்கு ஒரு லீவு, ஓட்டிப் பழக்குவதற்கு இன்னொரு லீவு.

நம் வீட்டிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்புவது இதற்குச் சரியான தூரம். புது ரோட்டில் போகாதே, அங்கே நாற்பதில் போனால் பின்னால் வருகிறவன் அடிப்பான். முதுநகர் வழியாகப் பழைய ரோட்டைப் பிடி. காலையில் வெயிலுக்கு முன்னால் கிளம்பு. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தி, பானெட்டைத் திறந்து எங்காவது ஆயில் ஒழுகுகிறதா என்று பார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் சத்தத்தைக் கேள், ஏற்றத்தில்தான் அது உண்மையைச் சொல்லும். சிதம்பரத்தில் கொத்சு சாப்பிட்டுவிட்டுத் திரும்பு. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒன்றும் சொல்ல மாட்டேன், நீயே ஓட்டு.

(கடைசி இரண்டு வரியையும் அடிக்கச் சொன்னார். "அது வேணாம் பாப்பா, அடிச்சிடு." அடித்துவிட்டேன் என்றேன். அடிக்கவில்லை.)

ஆகவே நீ இப்போது பணம் அனுப்ப வேண்டாம். அவசரம் ஒன்றும் இல்லை. வேலையைப் பார். கான்ட்ராக்டை முடி. இந்த வண்டியாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, எந்த எஞ்சினாக இருந்தாலும் கணக்கு இதுதான். அந்தப் பிஸ்டன் பெட்டியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே. தவறான அளவில் வாங்கியதற்கும் வழி உண்டு என்று சபாபதி அன்றே சொன்னான். செலவு ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி. ஆனாலும் வழி உண்டு. அன்று நான் அதைக் கேட்டிருக்கலாம். நீ கேட்டுக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. கிரீஸ் கையோடு சாப்பிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இப்படிக்கு,
அப்பா

அண்ணா, இனி நான்தான் எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார். எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமாவிடம் டாக்டர் சொன்னதை நான் ஆஸ்பத்திரியில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். சர்க்கரை இருக்கிறது, ரொம்ப நாள் தள்ளிப்போட்டுவிட்டீர்கள், கொஞ்சம் கஷ்டமான கேஸ்தான், வீட்டில் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிடட்டும் என்றார். வெளியே வந்த மாமா, "ஒண்ணும் இல்ல, சாதாரண ஆபரேஷன்னு சொன்னாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அதனால் டாக்டர் சொன்னது அம்மாவுக்கே தெரியாது. எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்த இரண்டு வரியை ஏன் அடிக்கச் சொல்ல வேண்டும்?

நான் சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் உன்னிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன் என்றும் பயமாக இருக்கிறது. வேலை போகுமா போகாதா என்று எனக்குத் தெரியாது. வா என்று சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆனால் புதன்கிழமைக்கு முன்னால் அவர் உன்னைப் பார்க்க வேண்டும். வண்டிக்காக வராதே, வண்டி நாளைக்குப் போய்விடும். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அவரைப் போலவே நீயும் ஒன்றும் பேச வேண்டாம்.

பெட்டியை நாளைக்குப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். கனமாக இருக்கிறது, பிடி அறுந்துவிடும் போல இருக்கிறது. சாயங்காலம் வரை தோழி வீட்டில்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மாமா. "பாப்பா, இன்னும் லைட்டு எரியுது? அந்தப் பெட்டிய நீ எங்கனா பாத்தியா? காலையில ஆளு வந்து கேட்டா இன்னா சொல்றது, கதவத் தொற" என்கிறார். அம்மாவும் எழுந்துவிட்டாள் போல. அண்ணா, அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது, படம் எடுக்க முடிந்தால் இப்போதே அனுப்பிவிடுகிறேன். அப்பா விழித்துக்கொண்டார். என்னைப் பார்க்கிறார். என் பையைப் பார்க்கிறார். போர்வையைத் தூக்கி, இங்கே வை என்று கை